பெஞ்சில் வைத்த மூன்று பொட்டு

எங்கள் வீட்டில் கைவேலை என்றால் நான்தான். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, அப்பாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்குவது, எதுவானாலும் "அம்மிணியக் கூப்புடுங்க" என்பார் அப்பா. போன தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணமாகி, நாமகிரிப்பேட்டையிலிருந்து நங்கை வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். வந்த மூன்றாம் மாதம் மிக்ஸி நின்றுபோனது. அப்பா நங்கையைக் கூப்பிட்டார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

புரட்டாசியில், ஆட்டையாம்பட்டியில் தறி வைத்திருக்கும் அப்பாவின் நண்பர் புது மெஷின் இறக்க இடம் வேண்டுமென்று ஒரு மேசையையும் ஒரு பெஞ்சையும் எங்களுக்குத் தந்துவிட்டார். இரண்டும் வாகை மரம். வருடக்கணக்காகத் துணி மடித்த மேசை, ஆட்கள் உட்கார்ந்த பெஞ்சு. பெயின்டோ வார்னிஷோ ஒருநாளும் கண்டதில்லை. பஞ்சுத் தூசியும் தறி எண்ணெயும் ஏறிச் சாம்பல் நிறமாகிக் கிடந்தன.

அஸ்தம்பட்டி வீட்டு முன்னறையில் ஒன்றுக்குத்தான் இடம். "ரெண்டயும் சுத்தம் பண்ணுங்க. எது நல்லா வருதோ அது முன்னால. இன்னொண்ணு மாடிக்குப் போவட்டும்" என்றார் அப்பா. நான் முந்திக்கொண்டு மேசையைப் பிடித்தேன். பெரியது, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்.

"எனக்குப் பெஞ்சு போதுமுங்க" என்றார் நங்கை. அந்தப் 'போதுமுங்க'வே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு வீடியோ பார்த்து முடித்தேன். பார்த்ததை நங்கைக்குப் பாடமும் எடுத்தேன். "தேய்ச்சு முடிச்சு எண்ணெய் போடற வரைக்கும் ஈரக் கையக்கூட மரத்துல வெக்காதீங்க நங்கை. பூச்சே இல்லாத மரம். எது பட்டாலும் உள்ள இழுத்துக்கும், அப்பறம் எடுக்கவே முடியாது."

"செரீங்க அம்மிணி."

சொன்ன நான் என்ன செய்தேன்? மேசையை வாசலில் போட்டு, சோப்பு ஆயில் ஊற்றி, ஸ்கூட்டி கழுவும் பைப்பால் அடித்தேன். அழுக்கு ஓடுகிற வேகத்தைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். நனைந்த மரம் புதிது போலப் பளபளத்தது. காய்ந்ததும் மூன்று நாள் தாடி போல நார் எழும்பி நின்றது. ஓரப் பலகை ஒன்று தூக்கிக்கொண்டது. அண்ணனின் டிரில்லில் உப்புத்தாள் வட்டை மாட்டி, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடப் பார்க்காமல் அரைத்துத் தள்ளினேன். உள் ஈரம் போகுமுன்பே வார்னிஷ் அடித்தேன். அன்று சாயங்காலமே மழை. மேசை மோர் கொட்டியது போல வெளுத்துப் பிசுபிசுத்தது. அப்பா அதன்மேல் பேப்பரை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து எடுத்தால், தலைப்புச் செய்தி இடவலம் மாறி மேசையில் பதிந்திருந்தது.

நங்கை சமையல் முடித்து, தினம் அரை மணி நேரம்தான் உட்கார்ந்தார். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். கொண்டை ஊசியால் இடுக்கிலிருந்த பஞ்சை நோண்டி எடுத்தார். ஒட்டப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, நிழலில் காயவிட்டார். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, ரேகை போகும் வழியிலேயே தேய்த்தார். ஒரு வாரத்தில் சாம்பலுக்கு அடியிலிருந்து பழுப்பும் கருப்புமாக மரம் வெளியே வந்தது. போகும்போதும் வரும்போதும் அப்பா அதைத் தடவிப் பார்த்தார். என் மேசையை யாரும் தடவவில்லை. தடவினால் ஒட்டும்.

பொறுமையாகத் தேய்த்தால் யாருக்கும் வரும், இதில் என்ன பெரிய வித்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் அடுப்படிக்குப் போனதும், நானும் போய் அந்தப் பெஞ்சைத் தடவினேன்.

"நோம்பி முடியட்டும், எண்ணெய் போட்டுக்கலாம்" என்றார் அம்மா. வந்த பண்டிகை ஆயுத பூஜை. வீட்டிலுள்ள பொருளுக்கெல்லாம் பொட்டு வைப்பது வருடா வருடம் என் வேலை. ஸ்கூட்டி, பிரிட்ஜ், லேப்டாப், மிக்ஸி, தையல் மெஷின் என்று வைத்துக்கொண்டே வந்து பெஞ்சின் முன்னால் நின்றேன். கை தானாகப் போனது என்று எழுதினால் பொய். கிண்ணத்து மஞ்சளில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். நங்கை பிறந்த வீட்டிலிருந்து வந்த மஞ்சள்தான். பெஞ்சின் நட்டநடுவில் மூன்று பொட்டு, அதன்மேல் குங்குமம். ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து, மனதுக்குள் பத்து எண்ணினேன்.

அப்பா பார்த்துவிட்டு, "லட்சணமா வெச்சிருக்கற சாமி" என்றார்.

மறுநாள் நங்கை துணியோடு வந்து துடைத்தார். போகவில்லை. உப்புத்தாளை எடுத்தார், இரண்டு இழுப்பு இழுத்தார், வைத்துவிட்டார். சுற்றிலும் யாரும் இல்லை.

"தெரிஞ்சுதான் வெச்சீங்களா அம்மிணி?"

"எல்லாத்துக்கும் வெக்கறதுதானுங்களே. எனக்கென்ன தெரியும்?"

"ஈரக் கையக்கூட வெக்க வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க."

நான் போனைப் பார்த்தேன். போனில் ஒன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை. பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கி, "அந்தப் பக்கம் புடிங்க, மாடிக்குப் போலாம். மஞ்சளுக்கு வெயில் ஆவாது. எங்கூர்ல மஞ்ச மண்டிக்காரங்க சட்டைக் கறையெல்லாம் வெயில்லயே வெளுத்துரும்" என்றார். பிடித்தேன். வேறென்ன செய்வது?

எட்டு நாள் வெயிலில் மஞ்சள் போய்விட்டது. குங்குமத்தின் சாயம் மட்டும் லேசாக நின்றது. நங்கை எண்ணெய் போட்டதும் மரம் மின்னியது, கூடவே அந்த மூன்று பொட்டும் அடர்ந்து எழுந்து வந்தன. பெஞ்சு முன்னறைக்குப் போனது. மேசையை அண்ணனும் நானும் மாடிக்கு ஏற்றினோம்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அப்பா அந்தப் பொட்டைத்தான் காட்டினார். "நோம்பிக்கு வெச்சது, அப்படியே நின்னுருச்சு பாருங்க. எம் பொண்ணு வெச்சது." நங்கை டீ கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பார். காட்டிக்கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டு முடித்திருப்பேன். அந்தச் சும்மா நிற்பதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். எனக்கு அது சாகும்வரை வராது.

நான்காவது முறை காட்டியது சித்தப்பாவிடம். அப்பா "எம் பொண்ணு" என்று ஆரம்பித்ததும், "வேணும்னேதான் வெச்சேனுங்கப்பா. கறை புடிக்கும்னு தெரிஞ்சே வெச்சேன்" என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா டீயை ஊதுவதை நிறுத்தினார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு நங்கையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா சாமி?"

"தெரியுமுங்க மாமா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நோம்பியும் அதுவுமா என்னத்தச் சொல்றதுங்க."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, "நல்ல பொறுமை" என்றார். நங்கையைத்தான். உண்மையைச் சொன்னது நான், பேர் கிடைத்தது அவருக்கு.

மறுநாள் மாடியில் மேசையின் வார்னிஷைச் சுரண்ட உட்கார்ந்தேன். டிரில்லைத் தொடவில்லை. கையளவு இடம் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆனது. நங்கை மரக்கட்டையோடு மேலே வந்து, "ஒரு ஓரம் நானும் தேய்க்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க நங்கை. நீங்க தேய்ச்சா நல்லா வந்துரும்."

சிரித்துவிட்டார். கட்டையை மட்டும் என் பக்கத்தில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனார்.