மதினி கொண்டுவந்த வெள்ளைச் செடி

எங்கள் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் எப்படி என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். நேரே என்னைத்தான் தேடுவார்கள். அதில் பாதி அபாண்டம். மதினியின் செடி விஷயம் மட்டும் முழு நிஜம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல் மலையிலிருந்து கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு வந்தவள் மதினி. சேலைப் பெட்டியோடு ஒரு செடியையும் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சாம்பல் தூவியதுபோல இலையெல்லாம் வெள்ளி நிறம். இறந்துபோன அவள் அம்மா வளர்த்தது, அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது இது ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும்தான் சொன்னாள். ஒன்பது வயதில் எது காதில் ஏறும்?

அந்த வருஷம் எங்கள் பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்திருந்தது. வெள்ளை படிந்த கொழுந்தைக் கிள்ளிக் குவித்துக் கொளுத்துவது, பள்ளிக்கூடம் விட்டதும் என் வேலை. இனி கேட்கவா வேண்டும்? ஒரு சாயங்காலம் மதினியின் செடியை உற்றுப் பார்த்தேன். ஐயையோ, உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை! ஒன்று விடாமல் கிள்ளிக் குவித்தேன். தீப்பெட்டி ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம்? உரசப் போகையில் மதினி வந்துவிட்டாள்.

"மதினி, ஒங்க செடியில பூச்சி விழுந்துட்டு. எல்லாத்தையும் கிள்ளிட்டேன்!" என்றேன் பெருமையாக.

"ஏய், கொளுத்திடாதடி! அது பூச்சி இல்ல, அதோட நிறமே அதுதான்."

மொட்டைக் குச்சியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். அவளோ உட்கார்ந்து, குவியலிலிருந்து காம்புள்ள கொழுந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"சும்மா நிக்காத. மணல் கொண்டா."

கரிசல் மண் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இந்த வேர் அழுகிவிடும் என்று சொல்லி, ஓட்டை போட்ட தொட்டியில் மணலும் சரளையும் நிரப்பினாள். பதினோரு கொழுந்து நட்டோம். பிழைக்கவைக்காமல் விடுவதில்லை என்று நானும் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வினையாக வந்தது தண்ணீர்தான். குழாயடியில் காத்துக்கிடந்து குடம் பிடிக்கிற ஊர் எங்களுடையது. இருந்தும் ஒரு செடி வாடி நின்றால் யாருக்கும் மனசு தாங்காது. அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு ஒரு செம்பு ஊற்றினாள். நாலு கொழுந்து அழுகிப்போயின.

அதற்கப்புறம் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். செம்போடு யார் வந்தாலும், "ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா நான் பொல்லாதவளாயிருவேன்!" என்று கத்தினேன். தண்ணீருக்கு அலைகிற ஊரில், தண்ணீர் ஊற்றவிடாமல் காவல் காத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மாதத்துக்குமேல் ஆனது. மிச்சத்தில் ஐந்து காய்ந்துபோக, கடைசியில் இரண்டு கொழுந்து பிழைத்தன. வெள்ளை வெளேரென்று புது இலை விட்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் மதினி ஈரக்கையோடு ஓடிவந்தாள். தொடவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான்தான கெடுத்தேன்? ஏன் மதினி என்னைய ஏசவேயில்ல?"

"நோய்னு நினைச்சும் நீ கிட்டப் போய்த் தொட்டியே. எங்கம்மா நோயில கெடந்தப்போ சொந்தக்காரங்க ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல."

எனக்கு ஒரே சந்தோஷம். "அப்போ இனிமேயும் ஏச மாட்டியல்லா?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.