தானாக ஓடிய காரும் அத்தானின் சம்மனும்

எனக்குக் கார் லைசென்ஸ் கிடைத்தது மூன்றாவது தடவையில். மேட்டில் நிறுத்திய கார் கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிட்டதாம். அதற்காகவே இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். என் அக்கா வீட்டுக்காரர் வாங்கிய புதுக் காருக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பரீட்சை கிடையாது, புதிதாக ஓட்டுபவர் என்று கண்ணாடியில் 'பி' ஒட்டவும் வேண்டாம். விற்றவன் "தானா ஓடும்" என்றான். அத்தான் நம்பினார்.

போன மாதம் பாலிங்கில் ஒரு கல்யாணம். சுங்கை பட்டாணியிலிருந்து அத்தான், அக்கா, நான் மூவரும் கிளம்பினோம். ஊர் தாண்டியதும் அத்தான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சாமி கும்பிட உட்கார்ந்தவர்போல் அவ்வளவு நிம்மதி.

"இதுக்குச் சட்டம் ஒன்னும் இல்லையா அத்தான்?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டேன்.

"சட்டம் எதுக்குலா? கவர்மெண்டு மூக்க நுழைச்சா எல்லாம் கெட்டுப்போயிடும். இந்தக் காடிக்கு நம்மள விட மூள ஜாஸ்தி" என்று காரைத் தட்டிக்கொடுத்தார்.

ரப்பர் தோட்டத்தை ஒட்டிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. புதுச் சாலை வலப்பக்கம் வளைந்தது. அழிக்காமல் விட்டிருந்த பழைய வெள்ளைக்கோடு நேராகப் போனது. மூளை ஜாஸ்தியான கார் கோட்டுக்கு மரியாதை கொடுத்தது.

"பிரேக்கு! பிரேக்கு!" அக்கா கத்தினாள். அத்தானின் கால் பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் லாலாங் புல்லில் இறங்கி, கால்வாயில் சாய்ந்து நின்றோம். யாருக்கும் அடியில்லை.

போலீஸ்காரர் வந்து, யார் ஓட்டியது என்று மலாயில் கேட்டார்.

"காடிதான் துவான்" என்று ஐயா போட்டுப் பணிவாகச் சொன்னார் அத்தான்.

"அப்போ நீங்க?"

"நான் சும்மா உக்காந்திருந்தேன்."

"வீட்லயும் அப்படித்தான்" என்று அக்கா தமிழில் முணுமுணுத்தாள்.

அபராதச் சம்மன் அத்தான் பெயரில் எழுதப்பட்டது. கார் விற்ற கடைக்குப் போன் செய்தார். கையை எடுக்கக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, ஓட்டுபவர்தான் பொறுப்பு என்று தேனொழுகச் சொன்னார்கள். ஆக, விளம்பரத்தில் கார் ஓட்டும். கால்வாய்க்குள் மட்டும் அத்தான் ஓட்டுவார். இப்படிச் சொல்லி விற்பவனைக் கேட்க ஒரு சட்டம் வேண்டாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானுக்கும்தான்.

"கவர்மெண்டு என்னதான் பண்ணுது?" என்று சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

காரை இழுத்துப் போனார்கள். செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு எங்களை முன்னால் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டார். மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி இவ்ளோ லேட்டு?"

பட்டுச் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டியபடி அத்தான் சொன்னார்:

"ரோட்ல ஜாம் அண்ணே."