முதல் கட்டி

சோப்புப் பட்டறையில் அவருக்குப் பெயர் கெமிஸ்ட். பட்டறை அக்காவுடையது, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் எடைபோட்டுக் காய்ச்சுவது தம்பியான அவருடைய வேலை. கல்லூரியில் வேதியியல் படித்ததை அவரே மறந்தாலும் மறக்கலாம், மற்றவர்களை மறக்க விடமாட்டார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சி, வெட்டி, ஆறவைத்த பிறகு முதல் கட்டியில் அக்காதான் கை கழுவிப் பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் சரக்கு வெளியே போகும்.

இந்த முறை எண்ணெய் டின் ஒன்று ஒழுகிவிட்டது. காஸ்டிக்கோ எப்போதும்போல் கரைத்துத் தயாராக இருந்தது.

"எண்ணெய் வரட்டுமே, நாளைக்குக் காய்ச்சிக்கலாம்" என்றாள் அக்கா.

"அட போக்கா! இப்பவும் காஸ்டிக்கை விட எண்ணெய் அஞ்சு மடங்கு இருக்கு. கம்மியா இருக்கறதுதானே முதல்ல தீரும்? படிச்சவன் சொல்றேன்."

படித்தவன் சொன்னபின் அக்காவுக்கு என்ன பேச்சு? காய்ச்சினார்கள், மறுநாள் கட்டிகளை வெட்டி அடுக்கினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் மகள் வேதியியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ரெண்டு பொருள் சேரும்போது எது முதல்ல தீரும்னு பாக்கற இந்த லிமிட்டிங் ரீஏஜென்ட் மண்டையிலயே ஏற மாட்டேங்குது."

"இதென்ன பெரிய விஷயம்? ஒரு சட்டைக்கு ஆறு பட்டன். உன்கிட்ட பத்து சட்டை இருக்கு, அம்பது பட்டன் இருக்கு. எது முதல்ல தீரும்?"

"சட்டை."

"மக்கு! பத்து சட்டைக்கு அறுபது பட்டன் வேணும்ல? பட்டன்தான் தீரும், சட்டை மிஞ்சும். எது கம்மியா இருக்குன்னு பாக்கக் கூடாது. எத்தனைக்கு எத்தனை வேணும்னு..."

பேச்சு பாதியில் நின்றது. காஸ்டிக் ஒரு பங்குக்கு எண்ணெய் ஆறு பங்கு வேண்டும். அவர் ஊற்றியது ஐந்து. எண்ணெய் தீர்ந்தபின் மிஞ்சிய காஸ்டிக் எங்கே போயிருக்கும்? கட்டிக்குள்தான். தோலைப் பதம் பார்த்துவிடும் சனியன். மகளை மக்கு என்றவர் அவள் புத்தகத்தை மெல்ல மூடிவைத்தார்.

அப்போதே அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். கையில் எடுத்தார், வைத்தார். கெமிஸ்ட் என்று கூப்பிடும் வாயெல்லாம் நாளை எப்படிக் கூப்பிடும் என்று நினைத்தபோதே கூசியது. காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். காலையிலும் வேண்டுமென்றே தாமதமாகத்தான் கிளம்பினார்.

பட்டறையில் சரக்கு ஏற்ற வண்டி நின்றது. அக்காவின் இரண்டு கைகளும் சிவந்து தடித்திருந்தன.

"பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒத்துக்கல போலிருக்கு" என்று சிரித்தாள். "நீ போட்ட கணக்கு தப்பாகுமா?"

அவரால் முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகளை அக்கா குழாயடிக்குக் கூப்பிட்டாள்.

"நீ கழுவிப் பாரும்மா. என் கையை இன்னிக்கு நம்ப முடியாது."

மகள் குழாயைத் திறந்ததும் அவர் பாய்ந்து கட்டியைப் பிடுங்கினார்.

"வேணாம்! பவுடர் இல்லக்கா. தப்பு என்னோடது. எண்ணெய் பத்தல, காஸ்டிக் மிஞ்சிடுச்சு."

அக்கா திட்டவில்லை. வண்டிக்காரரைப் போகச் சொன்னாள். பிறகு கேட்டாள், "எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து சாயங்காலம்."

அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் இன்னிக்குக் காலைலதானே கழுவுனேன்" என்றாள்.