இரண்டு மரை போதாது என்ற அண்ணன்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கியவர்களில் பாதிப் பேர் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு எழுந்துவிடுவீர்கள். தாராளமாகப் போகலாம். தங்கையாகிய நான் மீதிப் பேருக்கு எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போட்ட குடும்பத்தில். படித்து, வேங்கிக்காலில் அரசு வேலைக்குச் சேர்ந்தார். லஞ்சம் வாங்கத் தெரியாதவர் என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் செய்தார். எங்கள் ஊர் மலையடிவாரத்து ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பியபோது, அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். "நாலு பேர் ஏற முடியாத வண்டி எதுக்கு?" என்று கேட்டவர்கள், கல்யாண போட்டோவுக்கு மட்டும் அதன்மேல் சாய்ந்து நின்றார்கள்.

அண்ணனுக்கு இதயம் பழுதாகி, இனி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொன்ன சமயத்தில், காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்தன. அதில் வெளிக்குழாயை வைத்துக்கொண்டு, உள்ளே இறங்கும் இன்சர்ட் என்ற உருளையை மட்டும் மாற்றலாம். குழாயின் உள்ளளவு, இன்சர்ட்டின் நீளம், மேலே முடுக்கும் நட்டின் மரை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் மாமாவுக்குச் சிரிப்பு வரும். லாரி வைத்திருப்பவர் அல்லவா, வண்டி என்றாலே தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.

அவரே ஒரு ஜோடி கொண்டுவந்தார். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. எல்லா வண்டிக்கும் பொருந்துவது எலுமிச்சம்பழம் ஒன்றுதான். இன்சர்ட் குழாயைவிட நீளம். தலை வெளியே நின்றது. நட்டு இரண்டு மரைதான் பிடித்தது.

"ரெண்டு மரை புடிச்சிருக்குல்ல, அப்புறம் இன்னா? போட்டு முடுக்கு."

"வேணாங்க மாமா. எடுத்துனு போயிடுங்க."

அண்ணன் அளவெடுத்து ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்பினார். "போட்டுக்கலாம் சார்" என்று உடனே பதில் வரும். அளவைப் படித்தால்தானே! கோவையில் ஒரு கடைக்காரப் பெண்மணி மட்டும் திருப்பிக் கேட்டார்: ஸ்பிரிங் வண்டியோடு வந்ததா, பிறகு உயரம் குறைத்துப் போட்டதா? குறைத்திருந்தால் இன்சர்ட்டும் குட்டையாக வேண்டுமாம். கேள்வி கேட்டவரிடமே அண்ணன் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அதற்குள் உடம்பு இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அண்ணி காதில் விழும்படியே மாமா சொன்னார்: "சாவப் போறவன் நட்டு அளந்துனு கீறான்." கூட நின்ற உறவுகள் சிரித்தன. யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் வீடு திரும்பியதும் மாமா விடவில்லை. "ஒரு தபா மலையச் சுத்தணும்னுதானே ஆசை? இருக்கிறத மாட்டிக்கினு போயேன்."

"நான் ஓட்டறதா இருந்தா நீங்க குடுத்ததையே போட்டிருப்பேன் மாமா. ஓட்டப் போறது அவ," என்றார் அண்ணன், அண்ணியைக் காட்டி.

அண்ணிக்கு அவர் வண்டி கற்றுக்கொடுத்திருந்தது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. மாமா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் செய்த ஒரே உபகாரம் அது.

கோவையிலிருந்து வந்த இன்சர்ட் சரியாக இறங்கியது, நட்டு கடைசி மரை வரை ஏறியது. அண்ணி ஓட்ட, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மலையைச் சுற்றி வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஒரு சத்தம் இல்ல," என்று என்னிடம் சொன்னார். அந்த மாதமே போய்விட்டார்.

கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முகமறியாத அந்தக் கோவைப் பெண்மணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் அண்ணி. எழுதுகிறேன். மாமா, "தனியாக இருக்கும் பொம்பளைக்குக் கார் எதற்கு, என் பையனுக்குக் கொடுங்கள்" என்று ஆள் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பொம்பளை பத்திரமாக ஓட்ட வேண்டும் என்றுதான், இருந்த கொஞ்ச நாளையும் எங்கள் அண்ணன் காத்திருந்தே செலவழித்தார். கார் கிடைக்காது.