அங்குலத்துக்குப் பத்து ஓட்டை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. "ரெண்டு கோட்" என்றால்தான் தெரியும். சுவரில் விரிசலா, கதவில் கறையா, பக்கத்து வீட்டாரோடு சண்டையா, எதைச் சொன்னாலும் "ரெண்டு கோட் அடிச்சா சரியாப் போயிடும்" என்பார். முப்பத்தைந்து வருஷமாகப் பெயிண்டர். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சனிக்கிழமை காலையில் நூல் கடையில், நாலு பெண்களுக்கு நடுவே திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

விஷயம், அவர் மனைவியின் வலது கை. ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது, கை மட்டும் அடம்பிடிக்கிறது. இருபத்தெட்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த கை அது. வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கேன்வாஸ் துணியில் கம்பளி நூலால் படம் போடும். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிற துணி. ஓட்டைக்கு ஒரு தையல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி. "நான் ஒரு நாள்ல ஒரு ரூம் முடிப்பேன், இவ ஒரு மாசத்துல ஒரு இலை முடிப்பா" என்று கேலி செய்வார். இப்போது அந்த ஓர் இலைகூட இல்லை. ஊசிப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், தனக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டாள். வெளியே வருவதையும் நிறுத்திவிட்டாள். கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், "பழகின வேலையைக் குடுங்க, இல்லேன்னா இருக்கிறதும் மறந்துடும்" என்று சொன்னதிலிருந்து பெயிண்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தனாம் நம்பர் வேணும்ண்ணே?" என்றாள் கடைக்காரம்மா. "அங்குலத்துக்குப் பதினெட்டு ஓட்டை இருக்கு, பதிமூணு இருக்கு, பத்து, ஏழு. நம்பர் ஏற ஏற நைஸ்."

உப்புத்தாள் கணக்குதான், பெயிண்டருக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோஜனம்? மனைவி எப்போதும் வாங்குவது பதினெட்டு. அதையே கொண்டுபோய்க் கொடுத்து, ஊசி ஓட்டைக்குள் போகவில்லை என்றால், பெட்டி மேல்தட்டிலிருந்து இனி இறங்கவே இறங்காது. ஏழு வாங்கினாலோ, அது சின்னப் பிள்ளைகள் தைத்துப் பழகுகிற துணி. "எனக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிட்டு வந்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது!

கடைசியில் ஒவ்வொரு நம்பரிலும் ஒரு துண்டும், ஊசியும் கொஞ்சம் நூலும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் வேலை நடக்கிற வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து இடது கையால் தைத்தார். தன் இடது கை எவ்வளவு தடுமாறுமோ அவ்வளவுதானே அவள் வலது கையும் தடுமாறும் என்பது அவர் கணக்கு. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பதினெட்டு, பதிமூன்று இரண்டிலும் ஓட்டையே கண்ணுக்குச் சிக்கவில்லை. பத்தில் மூன்றாவது முயற்சியில் ஊசி உள்ளே போனது. விரலில் நாலு இடத்தில் ரத்தம், ஆனால் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்தாம் நம்பர் துணியை வாங்கினார். அளவு? அவள் வழக்கமாக வாங்கும் ஒன்பது அங்குலம்.

"கடையில பதினெட்டு ஸ்டாக் இல்லியாம்" என்று மனைவி மடியில் வைத்தார்.

அவள் இடது கைக் கட்டைவிரல் நகத்தைத் துணியில் ஓட்டி ஓட்டைகளை எண்ணினாள். பக்கவாதத்துக்கு முன்னால், தைப்பதற்காகத் தேர்ந்து வைத்திருந்த சேவல் படத்தை எடுத்துவரச் சொன்னாள். கட்டம் கட்டமாக வரைந்த படம், கட்டத்துக்கு ஒரு தையல்.

"சேவல் நூத்தியிருபத்தாறு கட்டம். பதினெட்டுல ஏழு அங்குலத்துக்குள்ள அடங்கிடும். பத்துல போட்டா பன்னெண்டரைக்கு மேல போகும். ஒம்போது அங்குலத் துணிக்கு மொட்டைச் சேவல்தான் வரும், வால் வராது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஸ்டாக் இல்லேன்னது பொய்தானே?"

"ஆமா" என்றார்.

"என் கை இனிமே இவ்வளவுதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல, இல்ல?"

அடித்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, பையிலிருந்த துண்டுகளை எடுத்து நீட்டினார். தையல் ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது.

"கண்றாவி" என்றாள் அவள். "இடது கையாலயா போட்டீங்க?"

"உன் கை மாதிரி இருக்கும்ல, அதான்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், திடீரென்று நிமிர்ந்தாள்.

"கண்ணாடி போட்டுக்கிட்டா தைச்சீங்க?"

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? நல்லாத்தானே இருக்கேன்."

"கை தடுமாறினா ஊசி ஓட்டைக்குப் பக்கத்துல குத்தும். ஓட்டையே தெரியாமப் போகாது. உங்களுக்கு வெள்ளெழுத்துங்க! உங்க கண்ணை வெச்சு என் கையை அளந்திருக்கீங்க." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டினாள். பஸ்ஸில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடைக்காரம்மா ஒரு முக்காலி போட்டு, துணித் துண்டுகளையும் ஊசியையும் மேஜையில் வைத்தாள். மனைவி இடது கையால் துணியை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு, வலது கையில் ஊசியைப் பிடித்தாள். முதலில் பதினெட்டு. நாலு தரம் குத்தினாள், நாலு தரமும் ஊசி இழையில்தான் இடித்தது. ஐந்தாம் தரம் ஊசி கீழே விழுந்தது. கடையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பெயிண்டர் குனிந்து ஊசியைத் தேடினார். தேடினாரே தவிர அகப்படவில்லை. கடைக்காரம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்தது பதிமூன்று. கை நடுங்கியது. வழுக்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி குத்தினாள். ஊசி இறங்கிவிட்டது. இழுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. பத்துத் தையல் போட்டு முடிப்பதற்குள் கடைக்காரம்மா மூன்று பேருக்கு நூல் விற்றுவிட்டாள். பத்தும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

"பதிமூணு போகுது" என்றாள் மெல்ல.

"பதிமூணே குடும்மா!" என்று பெயிண்டர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

"இருங்க. பத்து குடுங்க" என்றாள் அவள். "சுத்தி ஓரம் விட்டு, பதினேழு அங்குலத்துக்கு வெட்டுங்க."

"ஏம்மா? பதிமூணுதான் வருதே!" என்றார் பெயிண்டர்.

"வருது. அது எனக்குத் தெரியணும், தெரிஞ்சுடுச்சு, போதும்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பத்து வருஷமா நான் போட்டது ஒண்ணையாவது ஒழுங்காப் பாத்திருக்கீங்களா? 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னு மட்டும் சொல்லுவீங்க. ஒரு தரம் வேணும்னே தலைகீழா நீட்டினேன், அதுக்கும் நல்லாருக்குன்னீங்க. பத்துல ஓட்டை உங்களுக்குத் தெரியுதுல்ல? இந்தச் சேவலையாவது பாருங்க."

கடைக்காரம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "அப்ப பத்துதானேண்ணே?" என்று அவரைக் கேட்டாள்.

பெயிண்டர் தலையை ஆட்டினார்.