நாலு பேர் சைக்கிள்

நாலு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் வரும். அப்பா தனியாக ஓட்டிப் போனால் வராது, அப்பாவும் தம்பியும் போனாலும் வராது. தம்பி முன்கம்பியில், அவனுக்குப் பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் நான் என்று உட்கார்ந்து, கடைசியாக அம்மாவும் ஏறிச் சேலையை ஒதுக்கிக்கொண்டு "ம், போலாம்" என்றதும், எண்ணெய் காணாத கதவுக் கீல் முனகுவதைப்போல என் பாதத்துக்குக் கீழே "க்கிர்" என்று ஒன்று எழும். காதுக்குக் கேட்பதைவிட உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். சில மாதம் அந்தச் சத்தத்தின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்று என் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான், அவனுக்கு அந்த வருடம் மூன்று வயது, அவனுக்கு என்ன தெரியும்.

அந்தச் சைக்கிளை யாரும் கடையில் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அதை அப்பாவே செய்தார். மில் மூடிய பிறகு, நூல் பிரிவில் பதினைந்து வருடம் நின்ற மனிதருக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பீரோ செய்கிற ஒரு பட்டறையில் எடுபிடி வேலைதான் கிடைத்தது. தன் வயதில் பாதிகூட இல்லாத பையன்கள் "அண்ணே, தகட்டப் புடி" என்று ஏவ, முகத்தைச் சுளிக்காமல் பிடித்துக்கொண்டே நின்று, நாலைந்து மாதத்தில் வெல்டிங் வேலையையும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். அந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். ஒரே சைக்கிளில் எல்லோரும் போக முடியாது என்பதால் அம்மாவையும் தம்பியையும் முதல் நடையில் கொண்டுபோய் விட்டு, முதலியார்பேட்டைக்குத் திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது. நான் அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினேன். அதற்கே அப்பா, "இனிமே நாலு பேரும் ஒண்ணாத்தான் போறோம் பாப்பா" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதைச் செய்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கனத்த சைக்கிள் சட்டம் வந்தது. அதைப் பெடல் அச்சுக்குப் பின்னால் அறுத்து, இரண்டு பக்கமும் குழாய் சேர்த்துப் பற்றவைத்து, பின்சக்கரத்தை ஒன்றரை முழம் தள்ளி மாட்டினார். ஒரு சங்கிலி எட்டாமல் இரண்டு சங்கிலியை ஒன்றாக்கினார், அது தொங்காமல் இருக்க நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம். பின்பிரேக்கின் கம்பியும் நீண்டது. பிறகு எங்கள் முறை. துணி தைப்பதற்கு அளவெடுப்பதைப்போல எங்களை ஒவ்வொருவராக முக்காலியில் உட்காரவைத்து, முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டின்படி எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகக் கால் வைக்கும் கம்பி, பிடித்துக்கொள்ள வளையம், சிவப்பு ரெக்சின் தைத்த நீளப் பலகை, சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வலை, முன்கம்பியில் தம்பிக்குப் பிரம்புக் கூடை. அம்மா, "இந்த மனுசன் எனக்கு ஒரு ரவிக்கைக்கு இவ்ளோ அளவு பாத்ததில்ல" என்று சிரித்தாள். தெருவில் அதற்கு "ரயிலு" என்று பெயர் வைத்தார்கள். முருங்கப்பாக்கம் முனையில் நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கூட எங்களைப் பார்த்து ஒரு பஸ்ஸை நிறுத்திக் கையாட்டி வழிவிட்டார். மில் மூடியதிலிருந்து தலையைக் குனிந்தே நடந்த அப்பா அன்றைக்கு நிமிர்ந்து ஓட்டினார்.

இந்த இடத்தில் என் நாக்கைப்பற்றிச் சொல்லவேண்டும். என் நாக்கின் நுனியில் ஒரு மச்சம் இருக்கிறது. அதனால் எனக்குக் "கரிநாக்கு", நான் எதைச் சொன்னாலும் பலித்துவிடும், அதிலும் கெட்டதென்றால் உடனே பலித்துவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பக்கத்து வீட்டிலேயே இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அதற்குக் கணக்குப்பிள்ளை மாதிரி. அவள் கோழி செத்தது, மழையில் பின்சுவர் சரிந்தது எல்லாம் நான் சொன்ன பிறகுதான் நடந்ததாம். ஒருநாள் சாப்பிடும்போது, எங்கேயோ காதில் விழுந்ததை வைத்து, "அப்பா, மில்ல மூடிடுவாங்களா?" என்று கேட்டேன். அந்த மாதமே மூடிவிட்டார்கள். அத்தை வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. நம்ம வூட்டுப் பல்லி நம்ம பானையிலயே நம்மளத் தள்ளிட்டுது பாரு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா பீரோப் பட்டறையிலிருந்து கையில் கொப்புளத்தோடு வரும் ஒவ்வொரு சாயங்காலமும் நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன்.

எங்கேயாவது கிளம்பினால் அம்மா என் வாயில் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டுவிடுவாள். நாக்கு இனித்துக்கொண்டிருந்தால் கெட்டது வராதாம், வாய் நிறைந்திருந்தால் பேச்சும் வராதே. "கெளம்பற நேரத்துல வாயத் தொறக்காதடி, கண்ணு இல்ல?" என்பாள். நான் வெல்லத்தை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்காருவேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலையாயிற்று. சைக்கிளைச் சாய்த்துவைத்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தவள், பழைய குழாயும் புதுக்குழாயும் சேருகிற இடத்தில், வலதுபக்கம், கறுப்புப் பெயிண்டில் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் அதற்குள் மாட்டியது.

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விரிசல் என்று சொன்னால் உடைந்துவிடும், ஏனென்றால் சொல்வது நான். சொல்லாவிட்டால் தானே உடையும். நான் சொல்லி உடைந்தால், அப்பா கையால் செய்ததும் என் நாக்கால் போயிற்று என்று ஆகிவிடும், மில் போனதைப்போலவே. அதனால் பத்து வயதுப் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். கெட்டியாகச் சந்தனம் குழைத்து அந்தக் கோட்டின்மேல் அப்பி, நடுவில் பெரியதாகக் குங்குமம் வைத்து, சாமியைக் கும்பிட்டேன். மறுநாள் பூஜையில் அப்பா குனிந்து பார்த்து, "அடியில கூடப் பொட்டு வச்சிருக்கா பாரு, என் பொண்ணு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

நாலு பேரும் போய்வந்த அன்றைக்கே சந்தனம் வெடித்திருந்தது. நேராக, அந்தக் கோட்டின் மேலேயே. மறுபடி அப்பினேன், மறுபடி வெடித்தது. தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் சைக்கிளுக்கு அடியில் தலையை விட்டுப் பார்ப்பேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். ராத்திரி சோறு இறங்கவில்லை, கணக்கு நோட்டில் எண்கள் நிற்கவில்லை. கோடு மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது, தீபாவளி நெருங்கும்போது குழாயைப் பாதி சுற்றிவிட்டது.

தீபாவளிக்கு மறுநாள் பாகூரில் மாமா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கடலூர் சாலையில் நெடுந்தூரம், பஸ்ஸும் லாரியுமாக ஓடுகிற சாலை, நடுவில் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம். காலையில் நான் இரண்டு சக்கரத்தின் வால்டியூபையும் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அப்பா சிரித்துக்கொண்டே டப்பாவிலிருந்து புதியதை எடுத்துப் போட்டுக் காற்றடித்தார். வயிற்றுவலி என்றேன், அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் வாயில் வெல்லம் விழுந்தது, அம்மா மடியில் அதிரச டின்னோடு ஏறினாள், "ம், போலாம்" என்றாள். என் பாதத்துக்குக் கீழே "க்கிர்" என்றது, அன்றைக்கு அது நிற்கவே இல்லை.

முருங்கப்பாக்கம் தாண்டியும் வெல்லம் கரையாமல் கன்னத்தில் இருந்தது. எச்சிலை விழுங்கக்கூடப் பயம். பாலத்தின் ஏற்றத்தில் அப்பா எழுந்து நின்று மிதித்தார், ஒவ்வொரு மிதிக்கும் என் கால் கம்பி கொஞ்சம் கீழே போய் மேலே வந்தது. உச்சியில் காற்று அடித்தது, தம்பி கைதட்டினான், அப்பா மிதிப்பதை விட்டார், சைக்கிள் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தது. அப்போது என் வலதுகால் கம்பி கீழே போனது. திரும்பி மேலே வரவில்லை.

வெல்லத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "அப்பா, நிறுத்து! ஒடையப் போவுது! ஒடையப் போவுதுப்பா!"

அப்பா இரண்டு பிரேக்கையும் பிடித்து, சாலையோர மண்ணில் இறக்கி, காலூன்றி நின்றார். "இன்னா பாப்பா?" என்று திரும்பினார். அவர் திரும்பிய அசைவில் "டப்" என்றது. உழுத மாடு படுப்பதைப்போல சைக்கிள் நடுவில் மடங்கி உட்கார்ந்தது. அம்மா சேற்றில் விழுந்தாள், டின் உருண்டு அதிரசமெல்லாம் சிதறியது. பின்னாலேயே வந்த பஸ் ஒன்று ஊதிக்கொண்டே எங்களைக் கடந்து போனது, அதன் காற்றில் என் பாவாடை முகத்தில் அறைந்தது.

அம்மா எழுந்த வேகத்தில் என் கன்னத்திலும் ஒன்று வைத்தாள். "சொல்லிட்டியேடி பாவி! வாய மூடிக்கினு வரக் கூடாதா? சொல்லி ஒடச்சிட்டியே!" என்று அழுதாள். தம்பியும் அழுதான். நான் அழவில்லை, அவள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

அப்பா மண்டியிட்டு உடைந்த குழாயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உடைந்த வாயில் பாதி வெள்ளி மாதிரி மின்னியது. மறுபாதி பழைய துரு. அந்தத் துருவுக்குள் என் சந்தனமும் குங்குமமும் இறங்கிக் காய்ந்திருந்தன. அவர் விரலால் அதைத் தொட்டு, விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவள அடிக்காத," என்றார் அம்மாவிடம். "இது இப்ப ஒடஞ்சது இல்ல." பிறகு என்னிடம், "எத்தினி நாளாத் தெரியும் பாப்பா?"

"ஆயுத பூஜையிலருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒடஞ்சிடுமேன்னு."

அப்பா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கை வேலடி அது," என்றார். "மேலாக்கப் பத்த வச்சிட்டேன். பீரோத் தகடுன்னு நெனச்சிட்டேன். உன் நாக்கு ஒண்ணும் பண்ணல."

எனக்கு அவர் சொன்னது போதவில்லை. மில் மூடியதிலிருந்து வயிற்றில் கிடந்ததை அங்கேயே கேட்டுவிட்டேன். "மில்லும் நான் சொல்லி மூடலையாப்பா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார், பத்து வயதுப் பெண்ணை, அத்தனை பேர் போகிற சாலையில். "அத மூடுனவங்க உன்னக் கேட்டுக்கினா மூடுனாங்க?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. நான் அப்போதுதான் அழுதேன்.

அன்றோடு வீட்டில் வெல்லக்கட்டி நின்றது, கரிநாக்கு என்ற சொல்லும் நின்றது, அத்தை ஒருமுறை மறந்து சொல்லி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அனுபவமுள்ள ஒரு வெல்டரிடம் கொடுத்து சைக்கிளைச் சேர்த்தார்கள், ஆனால் நாலு பேராக அதில் நாங்கள் பிறகு ஏறவே இல்லை. அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சில வருடம் ஓடி, வந்த இரும்புக் கடைக்கே போய்விட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும், செருப்பை மாட்டிய பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்பார். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, உழவர்கரையில் நானே வீடு கட்டிக்கொண்டு அப்பாவையும் அழைத்துவந்து வைத்துக்கொண்ட பிறகும் கேட்டார். நானும் சொல்வேன். மழை வரும்ப்பா, கேஸை மூடினோமா பாருப்பா, அந்தப் பையன் கண்ணே சரியில்லப்பா, இந்தச் சம்பந்தம் வேணாம்ப்பா. சொன்னதில் பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை, எல்லோருக்கும் அப்படித்தானே.

இப்போது கடலூர் சாலை அகலமாகிவிட்டது. ஒரு குடும்பமே ஏறிப்போகிற சைக்கிளை அங்கே பார்த்து வெகுகாலம் ஆகிறது. போன வருடம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஆட்டோ வந்து வாசலில் நின்றது. முதல் நாள்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அதிக நாள் இல்லை என்று சொல்லியிருந்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார், திரும்பினார். "பாப்பா, ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றேன். "போயிட்டு வந்துடலாம்ப்பா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி," என்று சொல்லி ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பதினோராம் நாள் போய்விட்டார். இப்போதும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி ஒரு நிமிடம் நிற்கிறேன், யாரும் கேட்பதில்லை.