கிருத்திகைக்கு முன் வாங்கிய ஹெல்மெட்

என் வீட்டுக்காரருக்குத் தலை பெரிது. அந்தத் தலையைப் பற்றி அவருக்கிருக்கும் கர்வம் அதைவிடப் பெரிது. நெற்றியில் வந்து விழும் சுருட்டை முடியைக் கண்ணாடியில் ஒதுக்கிவிட்டுக்கொள்ளாமல் வண்டியை எடுக்கமாட்டார். வண்டி வாங்கியபோது கடையில் கொடுத்த வெள்ளை ஹெல்மெட் பரணில் தூங்கியது.

“அத்தப் போட்டுகினு போனா கம்பெனில சிரிப்பானுங்க. தலைமேல குண்டான் கவுத்தா மாதிரி இருக்குது” என்பார்.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. அதே சாலையில் இன்னும் தள்ளி அவர் கம்பெனி. நான் பேருந்தில் போவேன், அவர் வண்டியில். அந்தச் சாலையில் லாரிகள் போகிற போக்கைத் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறவள் நான். வீட்டில் கைபேசி அடித்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

கடைசியில் நானே இறங்கி வந்து, எப்படி இருந்தால் போடுவீர்கள் என்று கேட்டேன். சின்னதாக, தலையை ஒட்டினாற்போல், கறுப்பில் பளபளப்பு இல்லாமல் ஒன்று வாங்கித் தந்தால் போடுவதாகச் சொன்னார். அப்படி ஒன்றைத் தேடுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரியாது. சாலையோரத்தில் தொங்கியவை அழகாகத்தான் இருந்தன. உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் வெறும் ஸ்பாஞ்சு. அடி வாங்கிக்கொள்ள வேண்டிய கெட்டித் தெர்மாகோல் இல்லை. ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் நகம் பட்டதும் உரிந்து வந்தது. முத்திரை சரியாக இருந்தவையோ எல்லாம் குண்டான்கள். திருத்தணியில் அலைந்து, அரக்கோணத்தில் அலைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சென்னைக்கே போனேன். அவர் தூங்கும்போது ரவிக்கை தைக்கிற டேப்பால் எடுத்த அளவு கையில் இருந்தது.

கிடைத்தது. முத்திரையும் உண்டு, அழகும் உண்டு. தெர்மாகோல் இருக்க வேண்டிய கனத்தில் இருந்தது. மேல் ஓடு மட்டும் அந்த அளவுக்கென்றே சிறியதாகச் செய்திருந்தார்கள். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். தலையை உலுக்கினார், அசையவில்லை. “சூப்பரா கீதுடி” என்றார். சில வாரங்கள் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. அவர்கள் வீட்டு ஆண்கள் வருஷா வருஷம் அன்றைக்குத் திருத்தணி மலையில் முடி இறக்குவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகக் கூடவே படியேறுகிறவள் நான். சுருட்டை முடிக்கு மேல் டேப்பைச் சுற்றி அளவெடுத்தபோது அது எப்படி மறந்ததோ! மறுநாள் சந்தனம் பூசிய மொட்டையில் ஹெல்மெட்டை மாட்டினார். தலை ஒரு பக்கம் திரும்பினால் அது வேறு பக்கம் பார்த்தது. உள்ளே துண்டை மடித்து வைக்கலாமா என்று கடைக்குப் போன் செய்தேன். அது ஆபத்து, சின்ன அளவுதான் வேண்டும், வர நாளாகும் என்றார்கள்.

பரணிலிருந்து வெள்ளையை இறக்கினேன். போட்டுப் பார்த்தார், கச்சிதமாக இருந்தது. உடனே கழற்றிவிட்டார்.

“முடி வளர்ற வரைக்கும் வுடு. ரெண்டு மாசம்தானே.”

“லாரிக்காரனுக்குத் தெரியுமா பாவா, உங்க முடி வளர்ந்துகினு இருக்குதுன்னு?”

வெறும் மொட்டையோடு கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

கிருத்திகை முடிந்த வாரம். எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்கா பஞ்சம்? வண்டிக்கு வண்டி ஒரு மொட்டை, சில வண்டிகளில் இரண்டு. பேருந்தை முந்திக்கொண்டு ஒரு மொட்டை லாரிக்கும் எங்களுக்கும் நடுவே நுழைந்தது. எழுந்து நின்றேவிட்டேன். அவர் இல்லை. உட்காருவதற்குள் இன்னொன்று. சட்டை நிறத்தைப் பார்ப்பதற்குள் உயிர் போய் வந்தது. பக்கத்திலிருந்த அம்மா, “யாரையாச்சும் தேடறீங்களா?” என்று கேட்டார். என்னவென்று சொல்வது? அன்றைக்குப் பாடம் நடத்தவே முடியவில்லை.

சாயங்காலம் அவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

“வழியெல்லாம் எந்த மொட்டையைப் பார்த்தாலும் நீங்கதான்னு நெனச்சிகினு போனேன். ஒவ்வொருத்தன் பின்னாலயும் என் உசுரு ஓடுச்சு பாவா.”

அவர் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார்.

காலையில் நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் வண்டி கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தேன். வெள்ளை ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரொம்ப அசிங்கமா இருக்குதா?”

“ஆங். ரொம்ப” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பேருந்தில் நான் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது என் நிறுத்தம் தாண்டியிருந்தது.